ஏழு வயதில் டிசைன் திங்கிங் நடக்குமா, இல்லை கைவேலை வகுப்புக்குப் புதுப் பெயரா?

கேள்வி கேட்டவர் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர். இந்த ஆண்டு முதல் டிசைன் திங்கிங் (ஒருவருடைய சிக்கலைப் புரிந்துகொண்டு, அதற்கு மாதிரி செய்து, சோதித்துத் திருத்தும் முறை) செயல்திட்டம் நடத்தியாக வேண்டும் என்று சொல்லி, ஐந்து படிகள் அச்சடித்த சார்ட் ஒன்றைப் பள்ளியில் கையில் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் அட்டையில் ரோபோவும் ராக்கெட்டும் செய்கிறார்கள், வகுப்பே கலகலப்பாக இருக்கிறது, ஆனால் பழைய கைவேலை வகுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தனக்கே பிடிபடவில்லை என்கிறார். ஏழு வயதுப் பிள்ளைகளால் இது முடியுமா, முடியுமென்றால் 40 நிமிடப் பாடவேளைகளில் எப்படி நடத்துவது என்று கேட்கிறார். ஐந்து படிகளுக்கான விளக்கம் எங்கும் கொட்டிக் கிடக்கிறது. அதை அவர் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு குழந்தை ஒரு பொருளைச் செய்வது எப்போது வடிவமைப்பு ஆகிறது, ஏழு வயதில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும், இரண்டு விஷயங்கள் இருந்தால். செய்த பொருளை, அதைச் செய்யாத இன்னொருவர் நிஜமாகவே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அவர் எங்கே திணறுகிறார் என்று பார்த்த குழந்தைக்கு, அதை மறுபடி செய்ய நேரம் கிடைக்க வேண்டும். அட்டை ரோபோவில் இந்த இரண்டும் இல்லை. அதை யாரும் பயன்படுத்தப் போவதில்லை, ஆகவே அது சரியில்லை என்று யாரும் சொல்லவும் வழியில்லை. கைவேலை என்ற அளவில் அது நல்ல வேலைதான். கை பழகும், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அதற்கு டிசைன் திங்கிங் என்று பெயர் வைக்கும்போதுதான் உங்களுக்கு வந்த குழப்பம் வருகிறது.

நான் பொருள் வடிவமைப்புப் படித்து, கொஞ்ச காலம் அந்தத் தொழிலில் இருந்துவிட்டு, பிறகு தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோடும் அவர்களுடைய ஆசிரியர்களோடும் வேலை செய்து வருபவன். ஆறு முதல் பதினொரு வயது வரைதான் என் பழக்கம். மழலையர் வகுப்புக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வயதை அறிந்தவர்கள் வேறு.

முதலில் அந்தச் சார்ட். பிறர் நிலையை உணர்தல், சிக்கலை வரையறுத்தல், யோசனை தேடல், மாதிரி செய்தல், சோதித்தல் என்று அதில் இருக்கும் ஐந்தும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள டி.ஸ்கூல் வழியாக உலகெங்கும் பரவியவை. அவை பல்கலைக்கழக மாணவர்களையும் வேலைக்குப் போகும் பெரியவர்களையும் மனதில் வைத்து உருவானவை. வரிசையாக ஏறியே ஆகவேண்டும் என்று அங்கே இருப்பவர்களும் சொல்வதில்லை. முன்னும் பின்னுமாகப் போய்வரும் வேலை அது. சுவரில் சார்ட்டாகத் தொங்கும்போது அது படிக்கட்டாகிவிடுகிறது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு வடிவமைப்பைக் கற்றுக்கொடுப்பதும் இப்போது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. வடிவமைப்பாளர்களுக்கென்று தனியாக ஓர் அறிதல் முறை உண்டு, பொதுக்கல்வியில் அதற்கும் இடம் வேண்டும் என்று வடிவமைப்பு ஆய்வாளர் நைஜல் கிராஸ் 1982-லேயே எழுதினார். இங்கிலாந்தில் 1990 முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஐந்து வயதிலிருந்தே கட்டாயப் பாடம் ஆனது. அகமதாபாத்தில் பள்ளி நடத்தும் கிரண் பீர் சேத்தி 2009-ல் தொடங்கிய 'டிசைன் ஃபார் சேஞ்ச்' இயக்கம், ஐந்து படிகளுக்குப் பதிலாக உணர், கற்பனை செய், செய், பகிர் என்று நான்கே சொற்களை வைத்துக்கொண்டது. சார்ட் வேண்டும் என்று நிர்வாகம் அடம்பிடித்தால் அந்த நான்கை எழுதி ஒட்டுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு 'வரையறுத்தல்' என்பதெல்லாம் வாயில் நுழையாது.

இனி ஏழு வயதின் திறன். குழந்தைகள் எல்லாரும் பிறவிக் கண்டுபிடிப்பாளர்கள், நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் உண்மை. டிம் ஜெர்மன், மார்கரெட் டிஃபெய்ட்டர் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அந்த உண்மையான பாதியைச் சொல்கிறது. பொருட்களை உள்ளே போட்டுக் கொடுத்த ஒரு பெட்டியை, ஏறி நிற்கும் மேடைபோல வேறு விதமாகப் பயன்படுத்துவதற்கு ஐந்து வயதுக் குழந்தைகளுக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்கோ, பெட்டி என்றால் பொருள் வைக்கத்தான் என்ற எண்ணம் குறுக்கே நின்றது. மறுபாதியை சாரா பெக்கும் அவருடைய குழுவும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் பார்க்கலாம். உள்ளே இருப்பது தெரியும் உயரமான குழாய். அடியில் கைப்பிடி வைத்த குட்டி வாளி. குழந்தையின் கையில் நேரான, வளையக்கூடிய ஒரு கம்பி. நுனியை வளைத்துக் கொக்கியாக்கினால் வாளியைத் தூக்கிவிடலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் மிகச் சிலருக்கே இது தோன்றியது. பெரும்பாலான குழந்தைகள் தாங்களாகச் செய்தது எட்டு வயதை ஒட்டித்தான். ஆனால் கொக்கி வளைப்பதை ஒருமுறை செய்து காட்டியதும் சின்னப் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாருமே செய்துவிட்டார்கள். கைக்கு முடிகிறது, எதைச் செய்வது என்று தானாகத் தோன்றுவதுதான் அந்த வயதில் கடினம்.

அப்படியானால் செய்து காட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு சிக்கல். டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் இருவரும் 1991-ல் பொறியியல் மாணவர்களுக்கும் தொழில்முறைப் பொறியாளர்களுக்கும் வடிவமைப்புக் கணக்குகள் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு உதாரண வரைபடமும் சேர்த்துக் கொடுத்தார்கள். உதாரணத்தைப் பார்த்தவர்கள் அதில் இருந்த குறைகளையும் சேர்த்தே திரும்ப வரைந்தார்கள். படித்த பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஆசிரியர் மேசை மேல் வைத்த அழகான பென்சில் தாங்கியைப் பார்த்த ஏழு வயதுக் குழந்தை என்ன செய்யும்? அன்று மாலை உங்களிடம் முப்பது பென்சில் தாங்கிகள் இருக்கும்.

காட்டாமல் விட்டால் தோன்றாது. காட்டினால் நகல் எடுப்பார்கள். நான் கண்ட வழி, உத்திகளைக் காட்டுவது, முடிந்த பொருளைக் காட்டாமல் இருப்பது. செயல்திட்டம் தொடங்கும் முன்பே, எந்தச் சிக்கலைப் பற்றியும் பேசாமல், ஒரு முழுப் பாடவேளையை அட்டையோடு பழகுவதற்கு விட்டுவிடுங்கள். அட்டைப்பெட்டியின் அட்டைக்கு நடுவில் நெளிநெளியாக ஒரு தாள் ஓடும். அந்த வரிகளை ஒட்டி மடித்தால் சுலபமாக மடியும், குறுக்கே மடித்தால் கசங்கும். வரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி வைத்தால் கனம் தாங்கும், படுக்கையாக வைத்தால் சீக்கிரம் நசுங்கிவிடும். இரண்டு அட்டைகளில் பாதிவரை வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகினால் பசையே இல்லாமல் நிற்கும். சதுரச் சட்டம் ஆடும், குறுக்கே ஒரு பட்டை வைத்து முக்கோணம் ஆக்கினால் ஆடாது. இந்த நான்கையும் கையால் செய்து பார்த்த குழந்தைகளும் பார்க்காத குழந்தைகளும் அடுத்த வாரம் செய்யும் மாதிரிகளை அருகருகே வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். இதற்கு நேரம் இல்லை என்று பல ஆசிரியர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள் என்பேன்.

பொருட்கள் விஷயத்தில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப்தான். பசை காயும்வரை காத்திருக்க வேண்டும், ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது; டேப்பை உரித்துவிட்டு மாற்றி ஒட்டலாம். பெயிண்ட், ஸ்கெட்ச் பேனா, மினுமினுப்புத் தாள் எதுவும் முதல் சோதனை முடியும்வரை அலமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. வண்ணம் பூசிய பொருளை எந்தக் குழந்தையும் பிரிக்கச் சம்மதிக்காது. தடித்த அட்டையைக் கத்தியால் வெட்டுவது பெரியவர் வேலை. குழந்தை பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவரட்டும். வெட்டித் தரச் சொல்வதற்கு முன் அளந்து கோடு போட வேண்டியிருப்பதால் கொஞ்சம் யோசிக்கவும் செய்வார்கள்.

அடுத்தது யாருடைய சிக்கல் என்பது. சுற்றுச்சூழல் மாசு, போக்குவரத்து நெரிசல் என்று பெரிய தலைப்பு கொடுத்தால் ஏழு வயதில் கிடைப்பது போஸ்டர்தான். நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில், பெயர் தெரிந்த ஒரே ஒருவருக்கு, தினமும் நடக்கிற ஒரு சின்னத் தொல்லை வேண்டும். நூலகரின் மேசையில் திரும்பி வந்த புத்தகங்கள் சரிவது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பை கொக்கியிலிருந்து நழுவுவது, காவலாளி ஒரே மாதிரி இருக்கும் சாவிகளில் சரியானதைத் தேடுவது, இந்த அளவில். இவற்றில் குழந்தை செய்த மாதிரி ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்: புத்தகம் சரிந்ததா, நின்றதா?

அந்த மனிதரைப் பேட்டி எடுக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. குழந்தைகள் "உங்களுக்கு இது பிடிக்குமா?" என்று கேட்பார்கள், அவர் சிரித்துக்கொண்டே "பிடிக்கும்" என்பார், பேட்டி முடிந்தது. அதைவிட "கதவைத் திறந்து காட்டுங்க அண்ணா" என்று கேட்டுவிட்டு நின்று பார்ப்பது நல்லது. கை எங்கே போகிறது, எங்கே நின்றது, எதைக் கீழே வைத்துவிட்டு எதை எடுத்தார் என்று மூன்று படங்களாக வரையட்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பார்வையற்றவரைப் புரிந்துகொள்ள கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, சக்கர நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்வது போன்ற பயிற்சிகளைப் பல வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. மிஷெல் நாரியோ-ரெட்மண்டும் குழுவினரும் 2017-ல் இதை ஆராய்ந்தபோது, அப்படி நடித்துப் பார்த்தவர்களுக்குப் குழப்பமும் கூச்சமும் இயலாமை உணர்வும் கூடின. மாற்றுத்திறனாளிகளோடு பழகும் மனப்பாங்கு மேம்படவில்லை. அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு, அந்த மனிதரையே அழைத்து அவர் எப்படிச் செய்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் வழிகளைப் பார்த்துக் குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள்.

யோசனை தேடும் கட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து யோசனை சொல்லச் சொன்னால், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார், காத்திருக்கும்போது மறந்துவிடுகிறார். மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபெ 1987-ல் பெரியவர்களை வைத்துக் காட்டியதும் இதுதான்: தனித்தனியாக யோசித்துப் பிறகு சேர்த்தால், கூடி உட்கார்ந்து யோசித்ததைவிட எண்ணிக்கையில் அதிகம் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகள் வகுப்பில் இது இன்னும் கண்கூடு, சத்தமாகப் பேசும் மூன்று பேரின் யோசனைதான் வகுப்பின் யோசனை ஆகும். ஐந்து நிமிடம் தனியாக, அப்புறம் ஜோடியாக. திட்டப்படம் வரைந்தபிறகுதான் செய்யத் தொடங்க வேண்டும் என்ற விதியையும் இந்த வயதில் தளர்த்திவிடுங்கள். வரைந்த படத்துக்கும் செய்த பொருளுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. அவர்கள் யோசிப்பது கையில் அட்டை இருக்கும்போதுதான். எட்டு, ஒன்பது வயதில் படம் உதவத் தொடங்கும்.

சோதனை நடக்கும் வகுப்புதான் மொத்தத்தின் உயிர். செய்த குழந்தை வாயைத் திறக்கக்கூடாது. "இப்படிப் பிடிக்கணும்" என்று சொல்லிக்கொடுக்கக்கூடாது. பயன்படுத்துபவர் தன் வழக்கப்படி பயன்படுத்த வேண்டும். பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள், ஏனென்றால் அன்பினால் பொய் சொல்வார்கள். "சூப்பர், ரொம்ப அழகா இருக்கு" என்ற ஒரு வார்த்தை அந்தச் செயல்திட்டத்தை அங்கேயே முடித்துவிடும். சாவிச் சிக்கலை எடுத்துக்கொண்ட ஒரு மூன்றாம் வகுப்பு ஜோடி, அறையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையை ஒவ்வொரு சாவியிலும் கட்டியது. அழகாகத்தான் இருந்தது. காவலாளி கொத்தைச் சட்டைப்பைக்குள் போடப் பார்த்தார், போகவில்லை. கையில் வைத்துக்கொண்டே ஒரு கதவைத் திறக்கப் போனார், அட்டை பூட்டில் இடித்தது. அடுத்த முறை அவர்கள் எழுத்தையே விட்டுவிட்டு, ஒவ்வொரு சாவிக்கும் வட்டம், முக்கோணம், சதுரம் என்று விரலால் தடவி அறியும் சின்ன வில்லைகளைக் கட்டினார்கள். நான் தேடியது அந்த இரண்டாவது மாதிரி. எந்தச் சார்ட்டும் அவர்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

டிசைன் திங்கிங்கைக் கடுமையாகக் குறைசொல்பவர்களும் உண்டு. வடிவமைப்பாளர் நட்டாஷா ஜென் 2017-ல் பேசிய பேச்சில், இந்த ஐந்து படிகளில் விமர்சனத்துக்கு இடமே இல்லை என்று சாடினார். பள்ளிகளைப் பொறுத்தவரை அந்தக் குறை நியாயமானது என்றே நினைக்கிறேன், எல்லாவற்றுக்கும் கைதட்டுகிறோம். குழந்தைகளுக்கு விமர்சனத்தைப் பழக்குவதற்கு அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர் சொல்லும் மூன்று நிபந்தனைகள் போதும்: அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவ வேண்டும். "நல்லா இல்லை" செல்லாது, "நல்லா இருக்கு"வும் செல்லாது. "இந்தப் பக்கம் வழுக்குது" செல்லும். ஒரே பொருளைப் பளபளப்பாக்குவதைவிட, தொடக்கத்திலேயே இரண்டு வெவ்வேறு மாதிரிகளை அரைகுறையாகச் செய்வதும் இதற்கு உதவும். இரண்டு இருக்கும்போது எதைக் குறைசொன்னாலும் குழந்தை தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வது குறைகிறது.

சரி, ஆதாரம் எவ்வளவு உறுதி? ஸ்டான்ஃபோர்டில் டோரிஸ் சின், டேனியல் ஷ்வார்ட்ஸ் முதலியோர் 2019-ல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் கவனமாகச் செய்யப்பட்டவற்றுள் ஒன்றாக மதிக்கிறேன். விமர்சனத்தைக் கேட்டுப் பெறுவது, பல மாதிரிகளை முயல்வது ஆகிய பழக்கங்களை ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குக் கற்பித்து, பிறகு வேறொரு சூழலில், யாரும் நினைவூட்டாதபோதும் அவற்றைக் கையாள்கிறார்களா என்று பார்த்தார்கள். கையாண்டார்கள், படிப்பில் பின்தங்கியிருந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் பதினொரு, பன்னிரண்டு வயதுக்காரர்கள். ஏழு வயதுக்கு அதை நீட்டுவது என் ஊகம். படைப்பாற்றல் பெருகும், தலைமைப் பண்பு வளரும் என்று கையேடுகளில் வரும் வாக்குறுதிகளை நான் பெற்றோரிடம் சொல்வதில்லை. ஸ்பகெட்டிக் குச்சிகளால் கோபுரம் கட்டும் போட்டியில் மழலையர் வணிக மாணவர்களை வென்றார்கள் என்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் ஒரு கதை வரும். அது பட்டறைகளில் கவனித்த விஷயம், கட்டுப்பாடுகளோடு நடத்திய ஆய்வு அல்ல. எதிர்த்தரப்பில் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரை, புதிதாகக் கற்பவர்களை வழிகாட்டாமல் விட்டால் கற்றல் குறைகிறது என்கிறது. அதை நான் டிசைன் திங்கிங்குக்கு எதிரானதாகப் படிக்கவில்லை. அட்டைப் பாடவேளையை வலியுறுத்துவதற்கு எனக்கு அதுவும் ஒரு காரணம்.

நேரக் கணக்கைக் கேட்டிருந்தீர்கள். எட்டுப் பாடவேளைகள் வேண்டும். ஒன்று அட்டையோடு பழக, ஒன்று போய்ப் பார்க்க, ஒன்றரை முதல் மாதிரிக்கு, ஒன்று சோதிக்க. மிச்சம் முழுவதும் மறுபடி செய்யவும் மறுபடி சோதிக்கவும். பெரும்பாலான பள்ளிகளில் முதல் மாதிரியிலேயே ஆறு வேளைகள் கரைந்து, கடைசி வேளை கண்காட்சிக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு ஐந்து வேளைகள்தான் கிடைக்கும் என்றால் முதல் மாதிரியை இன்னும் மட்டமாக, இன்னும் வேகமாகச் செய்ய வையுங்கள். இரண்டாவதைத் தியாகம் செய்யாதீர்கள். மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்றால் பொருளுக்குப் போடாதீர்கள், போட்டால் வீட்டில் அப்பா செய்துகொடுத்ததுதான் ஜெயிக்கும். இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் வைத்து, எதை மாற்றினாய், எதைப் பார்த்து மாற்றினாய் என்று கேட்டு, குழந்தை வாயால் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு குழந்தை, "எதுவும் செய்ய வேண்டாம், அந்தக் கொக்கியைக் கீழே இறக்கி அடிச்சாப் போதும்" என்று சொல்லும். வகுப்பிலேயே நல்ல பதில் அதுவாக இருக்கலாம். ஆணி அடிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

நடைமுறையில் இன்னொரு முடிச்சு மிச்சம் இருக்கிறது. வகுப்பில் நாற்பது பேர் என்றால் இருபது ஜோடிகள், இருபது மாதிரிகளையும் ஒரே காவலாளி சோதித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் உங்கள் முதல் செயல்திட்டத்துக்கு ஒன்றாம் வகுப்பையே பயனாளிகளாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஜோடிக்கு ஒரு சின்னப் பிள்ளை. சிக்கலும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அந்தப் பிள்ளையின் மேசையிலிருந்து பென்சிலும் ரப்பரும் உருண்டு விழாமல் செய்வது. சிக்கல் ஒன்றானாலும் மேசைகள் ஒன்றல்ல. சாய்வு வேறு, இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளை ஒன்று இருக்கும், பெட்டி வைத்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும், அதனால் விடைகளும் தாமாகவே பிரியும். மூன்றாம் வகுப்புக்காரர்கள் அண்ணன், அக்கா என்ற பொறுப்போடு வேலை செய்வார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முகத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாது. வேண்டாம் என்றால் தள்ளிவிடுவார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் முன்பே பேசி, போய்ப் பார்க்க ஒரு தடவையும் சோதிக்க இரண்டு தடவையும் இருபது இருபது நிமிடமாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு சோதனைகளுக்கும் நடுவே ஒரு வாரமாவது இருக்க வேண்டும், அந்த வாரம் முழுவதும் முதல் மாதிரி அந்தப் பிள்ளையின் மேசையிலேயே கிடக்கட்டும். ஒரே நாள் சோதனையில் தெரியாத பிழைகளெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.